புதுக்கடையில் 2016 முதல் கிடந்த தொடர்மாடி வழக்கு அற்றுப்போய்விட்டதாம்: இனி வழியுண்டா?

வெள்ளவத்தை மகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தந்தையார் 2013ஆம் ஆண்டு, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில் கட்டப்படவிருந்த தொடர்மாடியில் மூன்று அறைகள் கொண்ட வீடொன்றை 1 கோடியே 40 இலட்சம் ரூபாய்க்கு வாங்குவதற்காக, பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில் விற்பனை உடன்படிக்கை எழுதி, தவணை தவணையாக 85 இலட்சம் ரூபாய் வரை செலுத்தியிருந்தார். கட்டடம் நான்காம் மாடியோடு ஒன்றரை ஆண்டு நின்றது. வேலை நடக்காதபோது அடுத்த தவணையைக் கொடுக்க அப்பா தயங்கினார். அதையே காரணமாகக் காட்டி, 2015இல் நிறுவனம் உடன்படிக்கையை இரத்துச் செய்வதாகக் கடிதம் அனுப்பியது.

2016இல் புதுக்கடையிலுள்ள கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டோம். வீட்டை எழுதித் தரவேண்டும், அது இயலாவிடின் பணத்தை வட்டியோடு திருப்பித் தரவேண்டும் என்பதே கோரிக்கை. கட்டுமான நிறுவனம் முதலாம் எதிராளி. காணிச் சொந்தக்காரர் இரண்டாம் எதிராளி. காணிச் சொந்தக்காரர் 2018இல் காலமானதால், அவருடைய பிள்ளைகளை வழக்கில் சேர்க்க வேண்டும் என்று எங்கள் சட்டத்தரணி சொன்னார். அதன் பிறகு கோவிட் வந்தது. 2020 ஒக்டோபரில் அப்பாவைப் பாரிசவாதம் தாக்கியது; 2023இல் அவர் எங்களை விட்டுப் பிரிந்தார். இடையில் நான் சட்டத்தரணியின் கந்தோருக்குத் தொலைபேசியில் அழைத்த ஒவ்வொரு முறையும், "வழக்கு கிடக்கிறது, திகதி வந்ததும் அறிவிப்போம்" என்பதே பதிலாக இருந்தது. கடந்த மாதம் நேரில் போய் அமர்ந்தபோதுதான், "அது 2022இலேயே அபேட் ஆகிவிட்டதே" என்று, அதாவது நடத்தாமல் விட்டதால் வழக்கு அற்றுப்போய்விட்டது என்று, அங்கிருந்த இளையவர் ஒருவர் மிகச் சாதாரணமாகச் சொன்னார்.

வழக்கு உண்மையிலேயே முடிந்துவிட்டதா? அம்மாவும் நானும் தங்கையும் அதை மீண்டும் தொடர முடியுமா? புதிதாக ஒரு வழக்கைப் போடுவதே மேல் என்று சிலர் சொல்வது சரியா?

புதுக்கடைச் சட்டத்தரணி

உங்கள் தந்தையாரின் மறைவுக்கு என் அனுதாபங்கள். நான் உங்கள் வழக்கேட்டைப் பார்க்காதவன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பின்வருவதை வாசியுங்கள்.

முதலில், நீதிமன்றம் உண்மையில் என்ன கட்டளை பிறப்பித்தது என்பதைக் கண்டறியுங்கள். "தள்ளுபடியாயிற்று", "அபேட் ஆயிற்று", "லே பை செய்தாயிற்று" ஆகிய மூன்றையும் புதுக்கடைப் படிக்கட்டில் நின்று பேசும்போது எல்லோரும் ஒன்றுபோலவே சொல்வார்கள். சட்டத்தில் மூன்றும் வெவ்வேறு. விளக்கத்துக்கு, அதாவது வழக்கு விசாரணைக்கு, நியமித்த நாளில் வழக்காளி தோன்றாமல் விட்டால், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 87ஆம் பிரிவின் கீழ் வழக்கு தள்ளுபடி செய்யப்படும். வழக்காளி எடுக்கவேண்டிய அவசியமான நடவடிக்கையொன்றை எடுக்காமல், வழக்கேட்டில் கடைசியாகப் பதியப்பட்ட கட்டளைக்குப் பின் 12 மாதங்களுக்கு மேல் கடந்துவிட்டால், 402ஆம் பிரிவின் கீழ் வழக்கு அற்றுப்போவதாக மாவட்ட நீதிமன்றம் கட்டளையிடலாம். லே பை என்பது ஒரு காரணத்துக்காக வழக்கைத் தற்காலிகமாக ஓரத்தில் வைப்பது. அதனால் வழக்கு முடிந்துவிடுவதில்லை.

உங்களுடையது 402 என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பிரிவின் உயிர் "அவசியமான" என்ற ஒரு சொல்லில்தான் இருக்கிறது. பன்னிரண்டு மாதம் கடந்தது என்பது மட்டும் போதாது; அந்தக் காலத்தில் சட்டப்படி வழக்காளி செய்தே ஆகவேண்டிய ஏதோவொன்று இருந்திருக்க வேண்டும். அடுத்த அடியை எடுத்து வைக்கவேண்டியது நீதிமன்றமாகவோ அதன் பதிவாளராகவோ அறிவித்தல்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பிக்கும் பிஸ்காலாகவோ இருந்தால், வழக்காளி சும்மா இருந்தார் என்று அவர்மேல் பழிபோட முடியாது என்பதை நம் மேல் நீதிமன்றங்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வருகின்றன. இறந்துபோன எதிராளியின் இடத்தில் அவருடைய வாரிசுகளைச் சேர்க்க விண்ணப்பிப்பது வழக்காளியின் கடமை. அந்த விண்ணப்பமே போடப்படாமல் இருந்திருந்தால் உங்கள் நிலை கடினம். போடப்பட்டு, அறிவித்தல்களும் சமர்ப்பிக்கப்பட்டு, அதன் பின் தேங்கியிருந்தால் கதை முற்றிலும் வேறு.

புதிய வழக்கு பற்றிய பதில் சுருக்கமானது: முடியாது. அற்றுப்போன வழக்கின் அதே வழக்கெழு காரணத்தின்மேல் (வழக்குக்கு அடிப்படையான அதே விடயத்தின்மேல்) புதிய வழக்குப் போடுவதை 403ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் அதே பிரிவு, நியாயமான காலத்துக்குள் விண்ணப்பித்து, வழக்கைத் தொடரவிடாமல் தடுத்த போதிய காரணத்தை நிரூபித்தால், வழக்கு அற்றுப்போனதாக இட்ட கட்டளையை நீதிமன்றம் நீக்கவேண்டும் என்றும் சொல்கிறது; செலவு பற்றிய நிபந்தனைகளை விதிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. நியாயமான காலம் எவ்வளவு என்பதைச் சட்டம் நாள் கணக்கில் சொல்லவில்லை. வழக்கின் சூழலைப் பார்த்து நீதிபதியே தீர்மானிப்பார். ஆகையால் அபேட் ஆனது தெரியவந்த நாளிலிருந்து நீங்கள் கழிக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் பின்னர் கணக்குச் சொல்லவேண்டியிருக்கும்.

பம்பலப்பிட்டி நேயர்

வெள்ளவத்தை மகன் அவர்களே, எழுத்து மூலமான ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டுகள் உண்டு. வழக்கு நிலுவையில் இருந்த காலம் அதில் சேராது. எனவே பணத்தை மட்டும் கேட்டுப் புதிய வழக்கொன்றைத் துணிந்து போடலாம் என்பது என் கருத்து. என் மைத்துனரின் காணிப் பிரிவினை வழக்கு பத்தாண்டு கிடந்தும் அபேட் ஆகவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

புதுக்கடைச் சட்டத்தரணி

நேயர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் சொன்னதில் இரண்டு ஆபத்துகள் இருப்பதால் திருத்தவேண்டியிருக்கிறது. பிரிவினை வழக்கு 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்துக்குரியது. தொடர்ந்து நடத்தப்படாத காரணத்தால் பிரிவினை வழக்கு அற்றுப்போகாது என்று அச்சட்டத்தின் 70ஆம் பிரிவே விதிவிலக்குத் தருகிறது. அந்தச் சலுகை உங்கள் உடன்படிக்கை வழக்குக்குக் கிடையாது. இரண்டாவது, ஒரு வழக்கெழு காரணத்தில் எழும் கோரிக்கை முழுவதையும் ஒரே வழக்கில் கேட்டுவிட வேண்டும் என்று குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 34ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் பணத்தையும் மாற்றுக் கோரிக்கையாக ஏற்கெனவே கேட்டிருப்பதால், அதைத் தனியே பிரித்து மறுபடி கேட்பதற்கு இடமே இல்லை. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தில் எழுத்து மூல ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டுகள் என்பது உண்மைதான். உங்கள் ஆறு ஆண்டுகள் 2015இன் இரத்துக் கடிதத்திலிருந்து ஓடத் தொடங்கின என்றே எதிர்த்தரப்பு வாதிடும். அதை எப்போதோ தாண்டிவிட்டோம். போர்க்காலத்தில் உரிமையைத் தேட முடியாதவர்களுக்கென 2016இல் வந்த 5ஆம் இலக்கச் சட்டத்தையும் சிலர் இந்த இடத்தில் நினைவூட்டுவதுண்டு. அது 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைப் பற்றியது, இங்கே பொருந்தாது.

ஆக, உங்களுக்கு இருக்கும் ஒரே வாசல் பழைய வழக்கேடுதான்.

முன்னாள் பதிவாளர் கந்தோர் லிகிதர்

தம்பி, நான் இருபத்தேழு ஆண்டுகள் நீதிமன்றப் பதிவாளர் கந்தோர்களில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். சட்டத்தைச் சட்டத்தரணி ஐயா தெளிவாகச் சொல்லிவிட்டார். வழக்கேட்டைக் கையில் எடுத்தால் எதைப் பார்க்கவேண்டும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

வழக்கு இலக்கத்தைச் சரியாகக் குறித்துக்கொண்டு போங்கள். கொழும்பில் இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் டி.எஸ்.பி. என்ற எழுத்துகளோடு பதியப்பட்டிருக்கும். முடிந்துபோன வழக்கென்றால் வழக்கேடு, அதாவது வழக்குக் கோவை, றெக்கோட் றூமுக்குப் போயிருக்கும். அங்கிருந்து எடுப்பித்துப் பார்ப்பதற்கு உங்கள் சட்டத்தரணியின் மோஷன் (நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுக்கும் விண்ணப்பம்) ஒன்று வேண்டும். முழுக் கோவைக்கும் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேளுங்கள். கடைசிப் பக்கத்துக்கு மட்டும் கேட்டு ஏமாந்து போகாதீர்கள்.

கோவையின் முன்பகுதியில் நாளாந்தக் குறிப்புகள் இருக்கும். ஒவ்வொரு நாளும் யார் தோன்றினார், என்ன சமர்ப்பித்தார், நீதிபதி என்ன கட்டளையிட்டார், அடுத்த திகதி எது என்பவை அங்கே இரண்டு மூன்று வரிகளில் சிங்களத்தில், சில இடங்களில் வாசிக்கவே முடியாத கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கும். தமிழில் மொழிபெயர்ப்புக் கேட்பதற்கு அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது. ஆனால் காத்திருக்க நேரமில்லாதபோது சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு நீங்களே முதலில் வாசித்துவிடுவது நல்லது. அபேட் கட்டளைக்கு முந்திய கடைசிக் குறிப்பில்தான் கண் நிற்கவேண்டும். அதில் "வழக்காளி நடவடிக்கை எடுக்க" என்று இருக்கிறதா, "அறிவித்தல் அனுப்புக" என்று இருக்கிறதா? முந்தியது உங்கள் தோளில் கிடந்த சுமை. பிந்தியதாக இருந்து, அறிவித்தல்களும் முத்திரைகளும் சமர்ப்பிக்கப்பட்டிருந்தால், அது எங்களைப் போன்ற லிகிதர்களின் மேசையில் கிடந்த சுமை.

இன்னொன்று. வழக்கு அழைக்கப்படவேண்டிய நாள் விடுமுறையாகவோ நீதிமன்றம் கூடாத நாளாகவோ அமைந்துவிட்டால், வேறு திகதியிட்டு இருதரப்புக்கும் அறிவிப்பது வழக்கம். நான் வேலைசெய்த காலத்திலேயே அப்படி அறிவிக்காமல் விடுபட்ட வழக்குகளை அலுமாரியின் பின்பக்கத்திலிருந்து கண்டெடுத்திருக்கிறோம். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனைத் தங்கம்மா

என் அனுபவத்தையும் எழுதுகிறேன். பயன்படுமா என்று தெரியவில்லை. என் தாயாரும் இதேபோல ஒரு தொடர்மாடி வீட்டுக்கு முற்பணம் கொடுத்து ஏமாந்து வழக்குப் போட்டார். விளக்க நாளில் அவர் மருத்துவமனையில் இருந்தார். அதை நீதிமன்றத்துக்குச் சொல்ல எவரும் போகவில்லை. 87ஆம் பிரிவின் கீழ் வழக்கு தள்ளுபடியானது. அப்பிரிவின்படியும் நியாயமான காலத்துக்குள் மனுவும் சத்தியக்கடதாசியும் போட்டுக் கட்டளையை நீக்கச் சொல்லலாம். மருத்துவச் சான்று எங்கள் கையில் இருந்ததால் வெற்றி நிச்சயம் என்று எண்ணிக்கொண்டு, குடும்பத்தில் ஒரு கலியாணம், பிறகு ஒரு துடக்கு, பிறகு அண்ணன் கனடாவிலிருந்து வரட்டும் என்று பதினொரு மாதங்களைக் கடத்திவிட்டோம். மருத்துவமனையில் இருந்த நாளை நீதிமன்றம் முழுமையாக ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின் வந்த பதினொரு மாதங்களை ஏற்கவில்லை.

அதைவிடப் பெரிய அடி காணிப் பதிவகத்தில் காத்திருந்தது. வழக்குப் போட்ட நாளில் லிஸ் பெண்டன்ஸ், அதாவது அந்தச் சொத்தின்மேல் வழக்கு நிலுவையில் உண்டு என்ற அறிவிப்பு, பதிந்திருந்தோம். அதனால் அந்த வீட்டை எவரும் துணிந்து வாங்கவில்லை. தள்ளுபடிக் கட்டளையைக் காட்டி, நிறுவனம் அடுத்த நான்கு மாதங்களுக்குள் வீட்டை வேறொருவருக்கு உறுதி எழுதிக் கொடுத்துவிட்டது. அவர் எங்கள் வழக்கைப் பற்றி எதுவும் அறியாதவர். பல்கனியில் அவர் பிள்ளையின் முச்சக்கர சைக்கிள் நிற்பதை நான் இன்றும் பேருந்திலிருந்து பார்ப்பதுண்டு.

வெள்ளவத்தை மகன்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கம்மா அக்கா எழுதியதை வாசித்த அன்றிரவு நித்திரை வரவில்லை. மறுநாளே வேறொரு சட்டத்தரணியைப் பிடித்து மோஷன் போட்டோம். இன்று முழுக் கோவையையும் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

2020 பெப்ரவரி மாதக் குறிப்பில், இரண்டாம் எதிராளியின் நான்கு பிள்ளைகளைப் பதிலீடு செய்வதற்கான மனுவும் சத்தியக்கடதாசியும் அறிவித்தல்களும் சமர்ப்பிக்கப்பட்டதாகவும், அறிவித்தல்களை அனுப்பும்படியும், 2020.03.27 அன்று வழக்கை மீண்டும் அழைக்கும்படியும் எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு அடுத்த குறிப்பே 2022 ஜூலைக்குரியது. பன்னிரண்டு மாதங்களுக்கு மேலாக நடவடிக்கை எடுக்கப்படவில்லை, வழக்கு அற்றுப்போகிறது என்று மூன்றே வரிகள். இரண்டுக்கும் நடுவில் ஒரு குறிப்பும் இல்லை.

கோவையைப் புரட்டிக்கொண்டு போனபோது, நடுப்பகுதியில் அந்த நான்கு அறிவித்தல்களும் முத்திரைகள் ஒட்டிய மூலப்பிரதிகளாகவே, துருப்பிடித்த ஒரே குண்டூசியால் குத்தப்பட்டுக் கிடந்தன. ஊசியின் துரு நான்கு தாள்களிலும் ஒரே இடத்தில் செம்மஞ்சள் வட்டமாக இறங்கியிருந்தது. அவை எங்கும் அனுப்பப்படவே இல்லை. இதன் பொருள் நான் நினைப்பதுதானா?

முன்னாள் பதிவாளர் கந்தோர் லிகிதர்

அதேதான் தம்பி. 2020 மார்ச் 20ஆம் திகதி, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. உங்கள் திகதி அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை. அன்று கொழும்பில் எவரும் வீட்டுப் படியைத் தாண்டவில்லை. அந்தக் குண்டூசியை யாரும் கழற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறிவித்தல்கள் கோவையில் இருக்கும் பக்க இலக்கங்களோடு பிரதி எடுத்து அத்தாட்சிப்படுத்துவியுங்கள்.

புதுக்கடைச் சட்டத்தரணி

இது கேள்வி கேட்ட நாளில் நான் எதிர்பார்த்ததைவிட மிக வலுவான நிலை. வழக்காளி செய்யவேண்டியதைச் செய்து முடித்திருக்கிறார்; அறிவித்தல் அனுப்புவது நீதிமன்றத்தின் பொறுப்பாக இருந்தது; அழைக்கவேண்டிய நாளில் நீதிமன்றம் இயங்கக்கூடிய சூழல் இருக்கவில்லை; புதிய திகதி குறிக்கப்பட்டதற்கோ அறிவிக்கப்பட்டதற்கோ தடயம் இல்லை. எனவே முதல் வாதம், 402ஆம் பிரிவின் நிபந்தனையே இங்கே நிறைவேறவில்லை, கட்டளை தொடக்கத்திலேயே தவறானது என்பது. அது ஏற்கப்படாவிட்டால் மாத்திரமே, 403ஆம் பிரிவின் போதிய காரணம் என்ற இரண்டாவது வாதத்துக்கு வரவேண்டும். கோவிட் சூழலில் சட்டக் காலவரையறைகளுக்குள் செயற்பட முடியாமற்போனவர்களுக்கு நிவாரணம் தர 2021ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் வந்தது; அது 2020 மார்ச் 1 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு நடைமுறையில் இருந்தது. அதையும் மனுவில் குறிப்பிடுங்கள். அதன்மேல் மட்டும் சாய்ந்து நிற்காதீர்கள்.

எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. ஊரடங்கு தளர்ந்து நீதிமன்றங்கள் திறந்த பிறகு வழக்காளி ஒரு மோஷன் போட்டு வழக்கை அழைப்பித்திருக்கலாமே என்று கேட்பார்கள். 2022 ஜூலை முதல் இன்றுவரை என்ன செய்தீர்கள் என்று அதைவிடக் கடுமையாகக் கேட்பார்கள். 2013இல் ஒரு டொலர் 130 ரூபாய் அளவில் இருந்தபோது உங்கள் தந்தையார் கொடுத்த 85 இலட்சம், 2022இன் ரூபாய் வீழ்ச்சிக்குப் பின் எவ்வளவு சுருங்கிவிட்டது என்பதை எண்ணிப் பார்த்தால், பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தாலும் வீட்டை எழுதித் தரும் நிலை வந்துவிடக் கூடாது என்று அவர்கள் ஏன் மல்லுக்கட்டுவார்கள் என்பது விளங்கும்.

ஆகவே உங்கள் தாயாரின் சத்தியக்கடதாசியில் காலக்கோடு இடைவெளியில்லாமல் இருக்கவேண்டும். பாரிசவாதம் தாக்கிய நாள், மருத்துவமனையில் இருந்த காலம், அதன் பிறகு அவரால் பேசவோ கையொப்பமிடவோ முடிந்ததா என்பது, இறந்த திகதி, நீங்கள் சட்டத்தரணியின் கந்தோருக்கு அழைத்த நாட்கள், அபேட் ஆனதை அறிந்த நாள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளை இணையுங்கள். தொலைபேசிப் பட்டியல் கிடைத்தால் அதையும் சேருங்கள். பழைய சட்டத்தரணியைத் திட்டி எழுதவேண்டாம். கேட்டது எது, கிடைத்த பதில் எது என்பதை மட்டும் எழுதினால் போதும், நீதிபதி தாமாகவே விளங்கிக்கொள்வார்.

தந்தையார் இல்லாததால், 395ஆம் பிரிவின் கீழ் நீங்கள் வழக்காளியின் இடத்துக்கு வரும் விண்ணப்பத்தையும் இதனோடு சேர்த்தே போடவேண்டும். மரணசாதன வழக்கு (இறந்தவரின் சொத்தை நிருவகிக்க நீதிமன்ற அனுமதி பெறும் வழக்கு) அவசியமா, அல்லது நெருங்கிய உறவினராக நேரடியாகவே வரலாமா என்பது சொத்தின் பெறுமதியைப் பொறுத்தது; அதை உங்கள் புதிய சட்டத்தரணியிடம் இன்றே கேளுங்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டால், மேன்முறையீட்டு அறிவித்தலானாலும் மேன்முறையீட்டுக்கான அனுமதி மனுவானாலும் 14 நாட்களுக்குள் போடவேண்டும். கட்டளை இறுதியானதா இடைக்காலமானதா என்ற சர்ச்சையை அந்த நாட்களில் தொடங்கிக்கொண்டு காலத்தைத் தவறவிட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, நாளைக் காலை காணிப் பதிவகத்துக்குப் போய் அந்தக் காணியின் பதிவேட்டுப் பிரதியை எடுங்கள். கொண்டோமினியம் பிளான் (தொடர்மாடியின் ஒவ்வொரு வீட்டையும் தனிச் சொத்தாகக் காட்டும் வரைபடம்) பதியப்பட்டுவிட்டதா, உங்கள் வீட்டின் இலக்கத்தில் வேறு பெயர் ஏறியிருக்கிறதா, உங்கள் லிஸ் பெண்டன்ஸ் இன்னும் அந்தப் பக்கத்தில் நிற்கிறதா என்பது தெரியாமல் மனுவின் கோரிக்கைகளை எழுத முடியாது.

வெள்ளவத்தை மகன்

ஐயா, பதிவகத்துக்குப் போய் வந்துவிட்டேன். பிளான் 2019இலேயே பதியப்பட்டிருக்கிறது. எங்கள் வீடு ஐந்தாம் மாடி, ஆ இலக்கம். அந்தப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரும், அதன் கீழ் எங்கள் லிஸ் பெண்டன்ஸும் மாத்திரமே இருக்கின்றன. வேறு எந்தப் பெயரும் இன்னும் ஏறவில்லை. அம்மா வெள்ளிக்கிழமை சத்தியக்கடதாசியில் கையொப்பமிடுகிறார்.